தண்டபாணி கல்யாணம் பச்சை காட்டிய கதை

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழுதான மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. அந்தக் கடையின் மாடியில் நாலு பேர் நாலு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, நவநீதம் சாஃப்ட்வேர் என்று பெயர்ப்பலகையும் மாட்டிக்கொண்டு பிழைத்துவந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து எவ்வளவு மூளை என்று என்னைக் கேட்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளி பெயர் நவநீதன். தங்கமான மனுஷன், யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். அவருக்கு வலது கை தெய்வசிகாமணி. எதையும் மூன்று தடவை படித்து, மூன்று தடவையும் ஒரே மாதிரி தப்பாகப் புரிந்துகொள்கிற படிப்பாளி. மூன்றாவது லோகு, வேலைக்கு அஞ்சாதவன். நாலாவது பூபதி. இந்தக் கதையில் அவஸ்தைப்பட்டதெல்லாம் அவன்தான், ஏனென்றால் நாலு பேரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது அவன் ஒருவனுக்கே.

இவர்கள் சாமர்த்தியத்துக்கு ஒன்று சொல்கிறேன். 'கடைசியாகப் போகிறவர் கதவைப் பூட்ட வேண்டும்' என்று நவநீதன் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினார். அன்றிலிருந்து சாயங்காலம் நாலு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே எட்டில் வாசலைத் தாண்டினார்கள். கடைசி ஆள் என்று யாரும் இல்லை, அதனால் கதவைப் பூட்டவும் ஆள் இல்லை. ஒரு திருடன் உள்ளே போய், நாலு கம்ப்யூட்டரிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனதாக மோட்டார் கடைக்காரர் சொல்கிறார்.

அவர்கள் செய்திருந்தது ஒரே ஒரு சாஃப்ட்வேர், கல்யாண மண்டபம் புக் பண்ணுவதற்கு. ஊரில் பெரிய மண்டபமான சாமியப்பன் மஹாலில் அதைத்தான் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, எத்தனை பேர் வருவார்கள் என்று அடித்து ஒரு பட்டனைத் தட்டினால், மண்டபம் அந்தத் தேதிக்கு ஒதுங்கிவிடும். மேளத்துக்கும் பூவுக்கும் சமையல்காரருக்கும் தானாக மெசேஜ் போய்விடும்.

அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தினமும் பார்ப்பது லோகுவின் வேலை. காலையில் வந்ததும் கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு, பொய்க் கல்யாணம் ஒன்றைப் புக் பண்ணிப் பார்த்து, உடனே அழித்துவிடுவான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் அவன் மொட்டை போடப் பழனிக்குப் போய்விட்டான். சரியாக அன்றைக்குப் பார்த்து சாஃப்ட்வேர் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணத்தைப் புக் பண்ணித் தொலைத்தது.

முகூர்த்த நாளில் மணவறையில் இரண்டு மாப்பிள்ளைகள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மேளமும் போட்டி போட்டு வாசித்ததில், எந்தக் கெட்டிமேளம் யாருக்கு என்று தெரியாமல் இருவரும் மூன்று தடவை தாலியைக் கையில் எடுத்து மூன்று தடவை கீழே வைத்தார்கள். மண்டபத்து முதலாளி சாமியப்பன் மறுநாள் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏனுங்க நவநீதன், ஒரு ஆளு மொட்டை போட்டா என்ற மண்டபமே கவுந்து போயிருமுங்களா?"

"இனிமே லோகு மொட்டை போட மாட்டானுங்க," என்று நவநீதன் சத்தியம் செய்தார்.

சாமியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய அண்ணன் மகள் மிருணாளினி கோயமுத்தூரில் இதே வேலையாக இருந்தாள். ஆள் உட்கார்ந்து பார்க்காமல், கம்ப்யூட்டரே சாஃப்ட்வேரைச் சோதித்துச் சொல்கிற மாதிரி டெஸ்ட் எழுதுகிற வேலை. அவள் ஒரு நாள் வந்து நாலு பேருக்கும் பாடம் நடத்தினாள். என்ன நடக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். எதிர்பார்த்ததும் வந்ததும் ஒன்றாக இருந்தால் திரையில் பச்சை வரும். மாறியிருந்தால் சிவப்பு வரும். சோதனைக்கென்று சாஃப்ட்வேருக்குத் தனியாக ஒரு நகலும் போட்டுக் கொடுத்தாள்.

புறப்படும்போது வெள்ளைப் பலகையில் ஆறு வரி எழுதினாள். சின்னதாக ஒன்றில் ஆரம்பியுங்கள். டெஸ்ட் ஓடும்போது யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் சிவப்பு வரட்டும், பிறகு பச்சை. நிஜ ஆள் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்யுங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே முடிவு வர வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் முன்பு இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

எழுதிவிட்டு நாலு முகங்களையும் பார்த்தாள். என்ன தோன்றியதோ, "இதுல இருக்கறத அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இதற்கு நடுவில் பூபதியின் கவலை வேறு. காங்கயத்தில் மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருந்த மேகலாதான் அவனுக்குப் பார்த்த பெண். அவளைப் பார்த்த நாளிலிருந்து பூபதிக்கு வேளாவேளைக்குச் சளி பிடித்தது, மருந்து வாங்க இருபது மைல் போய்க்கொண்டிருந்தான். அவளுடைய அப்பா ரங்கசாமி எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர், பேச்சில் வழவழப்பே கிடையாது. "ஆவணி இருபத்தொம்பது. சாமியப்பன் மஹால். அதுதான் கடேசி முகூர்த்தம். அது தவறுச்சுன்னா சம்பந்தமும் தவறுச்சு. கரூர்ல ஒரு பல் டாக்டர் இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறாரு," என்று சொல்லிவிட்டார்.

பூபதி உடனே மண்டபத்தைப் புக் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. டெஸ்ட் பச்சை காட்டுகிறவரை நம் சாஃப்ட்வேரை நாமே நம்பக் கூடாது என்று நவநீதன் உத்தரவு போட்டிருந்தார். அது நியாயம்தானே என்று பூபதியும் காத்திருந்தான்.

மிருணாளினி போன மறுநாள் காலை பத்து மணிக்கு நாலு பேரும் பலகையின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"சின்னதா ஒண்ணுல ஆரம்பிக்கோணும். எது சின்னது?" என்றார் நவநீதன்.

"சின்னக் கண்ணாலமுங்க," என்றான் லோகு. "எங்க மாமன் வீட்டுல எரநூறு பேருதான் வந்தாங்க. சின்னக் கண்ணாலம்னு ஊரே சொல்லுச்சு."

தெய்வசிகாமணி விரலை உயர்த்தினார். "எரநூத்த விட நூத்தித் தொண்ணூத்தொம்பது சின்னதுங்க."

"அத விட நூத்தித் தொண்ணூத்தெட்டு," என்றான் பூபதி, தன் பங்குக்கு.

இப்படி ஒவ்வொன்றாக இறங்கி வந்ததில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மூன்றில் வந்து நின்றார்கள்.

"ரெண்டுதானே இன்னுஞ் சின்னது?" என்று நவநீதன் கேட்டார்.

"ரெண்டு ஆவாதுங்க," என்றார் தெய்வசிகாமணி. "பொண்ணு வீட்டாளு ஒருத்தரு, மாப்பிள்ளை வீட்டாளு ஒருத்தரு. சண்டை வந்தா வெலக்கி விடறதுக்கு ஒருத்தரு வேணுமில்லீங்களா?"

எல்லோரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். விருந்தாளிகள் மூன்று பேர் என்று முடிவானது.

அடுத்து, நிஜ ஆள் எப்படிச் செய்வாரோ அப்படி. நிஜ ஆள் நகலில் போய்ப் புக் பண்ண மாட்டார் என்பதால் மிருணாளினி போட்டுக் கொடுத்த நகலை அழித்துவிட்டு, மண்டபத்தில் ஓடுகிற சாஃப்ட்வேரிலேயே டெஸ்டை இணைத்தார்கள். நிஜ ஆளுக்குப் பெயர் வேண்டும். மாப்பிள்ளைக்குத் தண்டபாணி என்றும், பெண்ணுக்குக் கோமளவல்லி என்றும் வைத்தார்கள். அப்பா, அம்மா, ஊர், தோட்டம், கிணறு எல்லாம் யோசித்துக் கொடுத்தார்கள். தண்டபாணிக்குச் சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு ஒன்றையும் லோகு ஆசையாகச் சேர்த்தான்.

"நெச ஆளு ஜாதகம் பாக்காமத் தேதி வெப்பாரா?" என்று நவநீதன் கேட்டபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இரண்டு பிறந்த நேரத்தை எழுதிக்கொண்டு நாலு பேரும் கொளத்துப்பாளையம் ஜோசியரிடம் போனார்கள்.

ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. "பத்துக்கு ஒம்பது பொருத்தமுங்க! இந்த மாதிரி ஜோடி நான் பாத்து வருசக்கணக்காச்சு," என்றவர் பூபதியைத் திரும்பிப் பார்த்து, "உனக்கும் அந்தக் காங்கயத்துப் புள்ளைக்கும் ஆறுதான் தேறுச்சு, ஞாபகம் இருக்குதா?" என்றார்.

பூபதிக்குத் தண்டபாணி மேல் லேசாகப் பொறாமை வந்தது. அவன் இல்லாதவன் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டும் அது தீரவில்லை. இந்த ஜோடிக்கு எந்தத் தேதி உகந்தது என்று நவநீதன் கேட்டார். ஆவணி இருபத்தொன்பது என்றார் ஜோசியர். தெய்வசிகாமணி அதைக் குறித்துக்கொண்டார். பூபதி தழும்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததால் தேதி அவன் காதில் விழவில்லை.

டெஸ்டில் கடைசியாக என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதிலும் ஒரு வாதம் நடந்தது. மண்டபம் ஒதுங்கியதா என்று பார்த்தால் போதும் என்றான் லோகு. தெய்வசிகாமணி ஒத்துக்கொள்ளவில்லை.

"நெச ஆளு புக் பண்றதோட நிறுத்திக்குவாரா? கண்ணாலம் பண்ணுவாருல்ல? அதனால கடேசி வரி, 'கல்யாணம் நடந்தது'."

ஒவ்வொரு கல்யாணமும் முடிந்ததும் சாமியப்பன் தன் மேஜையில் இருந்தபடி 'நல்லபடியாக நடந்தது' என்று சாஃப்ட்வேரில் ஒரு குறி போடுவது வழக்கம். டெஸ்ட் நிற்காமல் ஓடி, அந்தக் குறி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்து சொல்லட்டும் என்று எழுதினார்கள்.

அடுத்த நாள் காலை, ஓட்டுகிற நேரம் வந்தது. கை வைக்கக் கூடாது என்பதால் நாலு பேரும் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டார்கள். ஆனால் பட்டனை யாராவது தட்ட வேண்டுமே? மூக்கு கையில் சேர்த்தியா என்று பத்து நிமிஷம் பேசி, சேர்த்தியில்லை என்று முடிவாகி, நாலு பேரில் நீளமான மூக்குள்ள லோகு குனிந்து தட்டினான். அந்த நேரம் பார்த்து டீக்கடை அக்கா டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. நாலு ஆண்பிள்ளைகள் குளிரில் நடுங்குகிற கோழி மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வைத்த டீயை அவளே குடித்துவிட்டுப் போனாள்.

திரையில் எழுத்து வந்தது. எதிர்பார்த்தது: கல்யாணம் நடந்தது. வந்தது: இன்னும் நடக்கவில்லை. பளிச்சென்று சிவப்பு.

"செவப்பு!" என்று கத்தினார் நவநீதன். "முதல் தடவையே செவப்பு வந்திருச்சு! பலகைல எழுதுனபடியே!"

மாடி முழுக்க லட்டு கொடுத்தார்கள். கீழே மோட்டார் கடைக்கும் கொடுத்தார்கள். இனி பச்சை தானாக வரும், அதுவரை இந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அதைச் சுற்றி நாற்காலிகளை அடுக்கி வேலி போட்டார்கள்.

அன்று மத்தியானம் பூபதிக்கு ஒரு யோசனை வந்தது. எப்படியும் பச்சை வரப்போகிறது, நம் தேதியை இப்போதே போட்டுவிடலாமே என்று தன் கம்ப்யூட்டரில் ஆவணி இருபத்தொன்பதை அடித்துத் தட்டினான். 'இந்தத் தேதி தண்டபாணி – கோமளவல்லி திருமணத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது' என்று வந்தது.

"அண்ணா! இங்க வாங்க!" என்று பூபதி துள்ளி எழுந்தான். "ஒரே தேதிக்கு ரெண்டு கண்ணாலம் போட உட மாட்டேங்குது! நம்ம சாஃப்ட்வேர் சரியாயிருச்சு!"

நாலு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். லோகு அழுதேவிட்டான். பூபதி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். அப்போதுதான், உள்ளே விடப்படாத அந்தக் கல்யாணம் தன்னுடையது என்று அவனுக்குப் புரிந்தது. டம்ளரை மேஜையில் வைத்தான்.

"அண்ணா," என்றான் மெதுவாக. "தண்டபாணிய வேற தேதிக்கு மாத்திரலாமுங்களா?"

"ஓடற டெஸ்ட்டுல கை வெக்கறதா?" நவநீதன் பதறினார்.

"அவங்க அப்பா என்ன நெனப்பாரு?" என்றான் லோகு. "ஒத்தப் பையன் வேற."

"ஒம்பது பொருத்தம், தம்பி," என்றார் தெய்வசிகாமணி கனிவாக. "உனக்கு ஆறுதான். ஞாயமா யோசிச்சுப் பாரு."

பூபதி நியாயமாகத்தான் யோசித்தான். அதுதான் அவனுடைய கஷ்டமே. அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் மேகலாவை அந்தப் பல் டாக்டர் பக்கத்தில் நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை. அவளில்லாமல் தனக்கு ஒரு வாழ்க்கை இல்லை என்று அவனுக்குச் சத்தியமாகத் தோன்றியது. அடுத்த பஸ்ஸில் காங்கயம் போனான்.

மேகலா யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூபதி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். மாடு முட்டிய தழும்பு வரைக்கும் சொன்னான். அவள் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, அந்தத் தண்டபாணி அன்னிக்கி வருவாருங்களா?"

"எப்படி வருவாரு? அப்படி ஒருத்தரே இல்லியே."

"மேளம் வருமா? பூ வருமா? சமையல்காரர் வருவாரா?"

"எல்லாருக்கும் மெசேஜ் போயிருச்சு."

"அப்ப எல்லாம் வருது, மணவறைல உக்கார ஆளுதான் இல்ல. நாம ரெண்டு பேரும் போயி உக்காந்துக்கலாம்."

பூபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மூளை எப்படியாவது நம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததை அப்படியே சொல்லியும்விட்டான். மேகலாவுக்கு முகம் சிவந்துபோயிற்று, அடுத்து வந்தவருக்கு ஒரு மாத்திரை அதிகமாகவே எண்ணிக் கொடுத்தாள்.

ஆபீசில் இந்த யோசனையை மூன்று நாள் அலசினார்கள். கடைசியில் தெய்வசிகாமணி தீர்ப்புச் சொன்னார்.

"உக்காரலாம். ஆனா எதிர்பாத்தது தண்டபாணி. உக்காந்தது பூபதின்னா பேரு மாறிப்போயிரும். செவப்புதான்."

"அன்னிக்கி ஒரு நாள் நானே தண்டபாணியா இருந்துக்கறேனுங்க," என்றான் பூபதி.

"அப்பா பேரு?"

"எங்கப்பாகிட்டயும் சொல்லி மாத்திக்கச் சொல்றேனுங்க."

பூபதியின் அப்பா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷமாகப் பூபதியை வளர்த்தவர், அவருக்கு எதுவும் புதிதாகப் படவில்லை. பத்திரிகை தண்டபாணி – கோமளவல்லி என்றே அச்சாகி வந்தது. காங்கயத்தில் ரங்கசாமி அதைப் படித்துவிட்டு, "ஆருடா இந்தத் தண்டபாணி?" என்று கர்ஜித்தார். "பேரு மாத்தி எழுதுனா ஒம்பது பொருத்தம் வருதுங்கப்பா," என்றாள் மேகலா. ஆறு ஒன்பதானதில் மனிதர் குளிர்ந்து, செக்கிலிருந்து ஜோசியருக்கு ஒரு டின் எண்ணெய் அனுப்பிவைத்தார்.

ஆவணி இருபத்தொன்பதும் வந்தது. காலை ஐந்தரைக்கே மண்டபத்து வாசலில் லோகு கட்டை போட்டு மறித்துக்கொண்டு நின்றான். அறுநூறு பேர் பட்டும் பூவுமாகத் திரண்டு நின்றார்கள்.

"மூணு பேருதானுங்க," என்றான் லோகு. "அதுக்கு மேல ஒருத்தர் உள்ள வந்தாலும் செவப்பாயிரும்."

ரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டினார். சேதி கேட்டு நவநீதனும் தெய்வசிகாமணியும் ஓடிவந்து அவசரக் கூட்டம் போட்டார்கள். பெற்றவர்களுக்குச் சாஃப்ட்வேரில் தனிக் கட்டம் இருப்பதால் அவர்கள் எண்ணிக்கையில் வர மாட்டார்கள் என்று முதலில் முடிவானது. மற்றவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே போய், மணமக்களைப் பார்த்து, பின்வாசல் வழியாகப் பந்திக்குப் போய்விட வேண்டும். எந்த நேரத்தில் எண்ணினாலும் உள்ளே மூன்று பேர்தான். அப்படியே நடந்தது. விட்டிருந்தால் சமையல்காரர், மெசேஜில் மூன்று பேர் என்று பார்த்துவிட்டு ஒரு டிபன் கேரியரோடு வந்திருப்பார். முந்தின நாளே மேகலா அவருக்குப் போன் போட்டு அறுநூறு என்று சொல்லிவைத்ததால் எல்லோரும் சாப்பிட்டார்கள்.

தெய்வசிகாமணி மணவறைக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"மாப்பிள்ளை பேரு?"

"தண்டபாணிங்க," என்றான் பூபதி.

"பொண்ணு பேரு?"

"கோமளவல்லி," என்றாள் மேகலா, மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

"மாடு முட்டுன தழும்பு?"

பூபதி முழங்கையைக் காட்டினான். லோகு முந்தின நாளே மருதாணியால் ஒன்று வரைந்துவிட்டிருந்தான்.

கெட்டிமேளம் கொட்டியபோது உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருவர் கரூர்ப் பல் டாக்டர். ஏதாவது தவறிப்போகுமா என்று பார்க்க வந்தவர், வரிசையில் அவர் முறை அப்படி வந்து அமைந்துவிட்டது. அட்சதையையும் அவரே போட வேண்டியதாயிற்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே போட்டார். சாமியப்பன் தன் மேஜையில் 'நல்லபடியாக நடந்தது' என்று குறி போட்டார். நாற்காலி வேலிக்குள் இரண்டு மாதமாகச் சிவந்து கிடந்த கம்ப்யூட்டரை அலுங்காமல் மண்டபத்துக்கே தூக்கி வந்திருந்தார்கள். அது பச்சைப் பசேலென்று ஆனது.

நவநீதன் தரையில் விழுந்து அதைக் கும்பிட்டார். பூபதி மேகலாவைப் பார்த்தான், மேகலா பூபதியைப் பார்த்தாள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நிமிஷம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

"ஆறாவது வரி," என்றார் தெய்வசிகாமணி. "முடிஞ்சதும் எல்லாத்தையும் முன்ன இருந்தபடியே வெச்சரோணும்."

வேலை மளமளவென்று நடந்தது. வாழை மரத்தைத் தோட்டத்துக்கே கொண்டுபோய் நட்டார்கள். பூவைப் பூக்காரரிடம் கொடுத்தார்கள். வந்த குத்துவிளக்கு, குடம், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சாப்பிட்ட சாப்பாட்டை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் குழம்பினார்கள். அது மட்டும் இருக்கட்டும் என்று நவநீதன் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

"கண்ணாலத்துக்கு முன்ன பொண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டான் லோகு.

"காங்கயத்துல," என்றார் நவநீதன்.

எல்லோரும் பூபதியைப் பார்த்தார்கள். எழுதினது எழுதினதுதான், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இத்தனை பாடுபட்டுக் கட்டினவளைக் கொண்டுபோய் விட வேண்டுமே என்று கண்ணில் நீர் முட்டியது. தாலியைப் பற்றித் தெய்வசிகாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேகலா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

பூபதியே தன் வீட்டு வேனை ஓட்டிக்கொண்டு காங்கயம் போனான். வாசலில் வண்டி நின்றதும் ரங்கசாமி வெளியே வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, காத்தால கட்டிக் குடுத்த பொண்ணச் சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"

"டெஸ்ட் பாசாயிருச்சுங்க மாமா," என்றான் பூபதி, தலையைக் குனிந்தபடி.

ரங்கசாமி சுற்றுமுற்றும் எதையோ தேடினார். உலக்கையாகத்தான் இருக்க வேண்டும். மேகலா குறுக்கே வந்தாள்.

"இருங்கப்பா. ஏனுங்க, உங்க பலகைல அஞ்சாவது வரி என்ன?"

"எத்தன தடவ ஓட்டுனாலும் ஒரே முடிவு வரோணும்."

"ஒரு தடவ ஓட்டிட்டு எப்படிப் பாசுன்னு சொல்றீங்க? கண்ணாலம் ஒரு தடவ ஆயிருச்சு, அது ஆனதுதான். பொண்ணு வந்து சேர்றாளான்னு தினமும் ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போங்க. காத்தால ஒம்பது மணிக்கு முன்ன இருந்தபடியே காங்கயத்துல கொண்டாந்து உட்ருங்க."

ஒன்பது மணிக்குத்தான் அவளுக்கு மெடிக்கல் ஷாப்பில் வேலை ஆரம்பம். பூபதிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வேனின் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தான். ஆபீசில் சொன்னபோது தெய்வசிகாமணி அந்த ஐந்தாவது வரியை மூன்று தடவை படித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு நம்மளவுக்கு வெவரம் இருக்குது," என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேன் காங்கயம் போகும். சாயங்காலம் திரும்பி வரும்போது ஆபீஸ் வாசலில் ஒரு நிமிஷம் நிற்கும். லோகு எட்டிப் பார்த்து எண்ணுவான். எதிர்பார்த்தது இரண்டு பேர், வந்தது இரண்டு பேர். பலகையில் பச்சை மையால் ஒரு கோடு போடுவார்கள். ஒரு வருஷத்துக்குமேல் ஒரு நாள்கூட அது மாறவில்லை. அப்புறம் மேகலா தாய்வீட்டில் தங்கியதால் நாலைந்து மாதம் டெஸ்டை நிறுத்திவைத்திருந்தார்கள். எதற்குத் தங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. லீவு என்று பூபதி எழுதிக் கொடுத்தான், அதோடு சரி.

மறுபடி ஓட்டின முதல் நாள் சாயங்காலம் வேன் வந்து நின்றது. எட்டிப் பார்த்த லோகு இன்னொரு தடவை எண்ணினான். நவநீதனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னான். தெய்வசிகாமணியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து எண்ணினார். எதிர்பார்த்தது இரண்டு. வந்தது மூன்று.

முதலில் சிவப்பு வந்தால் நல்லதுதான் என்று லட்டு கொடுத்துவிட்டு, தெய்வசிகாமணி கோயமுத்தூருக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, இத்தன நாள் பச்சையா ஓடுன டெஸ்ட்டுல இன்னிக்கி ஒரு பிழை வந்திருச்சுங்க."

"என்ன மாதிரிப் பிழைங்க?" என்று கேட்டாள் மிருணாளினி.

"அஞ்சு கிலோ இருக்குமுங்க. நல்லா அழுவுது. ஆறாவது வரிப்படி முன்ன இருந்த எடத்துலயே திருப்பி வெச்சரலாம்னு பாக்கறோம். எங்கிருந்து வந்துச்சுன்னு பூபதியக் கேட்டா, வெக்கப்பட்டுட்டு ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறானுங்க."